ராத்திரிச் சத்தத்துக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

மதுரையின் பழைய தெருக்களில், குறிப்பாக வளவு வீடுகளில், ஒரு வீட்டு ஹாலின் சுவர்தான் அடுத்த வீட்டுப் படுக்கையறையின் சுவர். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல் பாட்டுக் கேட்க உட்காருகிறவர் வால்யூமைக் கால்வாசிக்கு மேல் திருப்ப முடியாது. அப்போதுதான் குறை தெரிகிறது. பகலில் கும்மென்று இருந்த செட் இரவில் சப்பென்று ஆகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த நாதம் தரும் பக்கம், காணாமல் போகிறது. எண்பதுகளின் பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ் கிட்டார் கேட்பதே இல்லை. சில செட்டுகளில் குரலோடு லேசான கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது.

டவுன்ஹால் ரோடு பக்கம் கடைகளில் கேட்டாலும் சரி, திருமங்கலத்தில் செட் அசெம்பிள் செய்பவரிடம் கேட்டாலும் சரி, கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "வாட்ஸ் பத்தலைண்ணே. 200 வாட்ஸ் போடுங்க, சின்னச் சத்தத்துலயும் கனமா கேக்கும்."

வாட்ஸ் என்பது செட்டுக்குள் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப், தரக்கூடிய மின்திறன். கடையில் கிடைக்கும் இந்தப் பதில் பெரும்பாலும் தவறு. சில நேரம் உண்மைக்கு நேர் எதிரானது. இதை நம்பிப் பணம் போடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், அடியிலிருந்தே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கணக்கு

ஸ்பீக்கரின் திறனைச் சொல்லும் அளவு ஒன்று உண்டு: சென்சிட்டிவிட்டி. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) வருகிறது என்பதே அது. வீட்டில் வைக்கும் சின்ன பாக்ஸ்களுக்கு இது பெரும்பாலும் 85 முதல் 88 வரை இருக்கும். 87 என்று வைத்துக்கொள்வோம்.

கேட்பவர் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தூரத்தால் ஒலி குறையும். ஆனால் பாக்ஸ் இரண்டு, சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. எல்லாம் சேர்த்து, பாக்ஸுக்கு 1 வாட் போனால் உட்காரும் இடத்தில் சுமார் 84 டெசிபல் வரும். அது நல்ல பகல் சத்தம்.

ராத்திரிக்குத் தேவை சாதாரணப் பேச்சுக்குச் சமமான சத்தம், அதாவது 64 டெசிபல் அளவு. 84-க்கும் 64-க்கும் வித்தியாசம் 20 டெசிபல். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10 குறையும்போதும் வாட்ஸ் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ஆக, ராத்திரி நீங்கள் செலவழிப்பது பாக்ஸுக்கு 0.01 வாட். பாட்டில் திடீரென்று எழும் தாள அடிகள் சராசரியைவிட 20 டெசிபல் மேலே போனாலும், அந்த நொடிக்குத் தேவை 1 வாட்தான்.

200 வாட்ஸ் செட்டில் 199 வாட்ஸ் இரவு முழுக்கச் சும்மா இருக்கிறது. 100-லிருந்து 200-க்குப் போனால் முழு வால்யூமில்கூட 3 டெசிபல்தான் கூடும். பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸ், அதாவது கணநேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பர எண், இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. எதை ஒப்பிட்டாலும் ஆர்.எம்.எஸ். வாட்ஸை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறனை, மட்டும் பாருங்கள்.

பாதிக் குறை நம் காதில் இருக்கிறது

ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். மனிதக் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். பிற்பாடு பல நாட்டு அளவீடுகளைச் சேர்த்து அது ஐ.எஸ்.ஓ. 226 என்ற சர்வதேசத் தரமாகத் திருத்தப்பட்டது.

அந்த வரைபடம் சொல்வது இது: சத்தம் குறையக் குறைய, நடு அலைவரிசையைவிடத் தாழ்ந்த அலைவரிசை, அதாவது பேஸ், காதுக்கு வேகமாக மங்குகிறது. வால்யூமை 80 டெசிபலிலிருந்து 40-க்கு இறக்கினால் ஆம்ப்ளிஃபயர் எல்லா அலைவரிசையையும் சமமாக 40 டெசிபல் இறக்குகிறது. காதுக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் பேஸ் பத்து டெசிபலுக்கும் மேல் கூடுதலாக இறங்கிப்போன மாதிரி கேட்கிறது. குரல் நடு அலைவரிசை என்பதால் தாக்குப்பிடிக்கிறது. தொப்பியும் பேஸ் கிட்டாரும் தாழ்ந்த பக்கம் என்பதால் போய்விடுகின்றன.

இதற்குத்தான் பழைய ஜப்பான் செட்டுகளில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருந்தது. வால்யூம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. 'பேஸைத் தொடாமல் கேட்பதே சுத்தம்' என்று பின்னாளில் ஒரு எண்ணம் வந்து, விலை கூடிய செட்டுகளிலிருந்து இந்தப் பட்டனையும் டோன் கன்ட்ரோலையும் எடுத்துவிட்டார்கள். ராத்திரிக் கேட்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம் என்பது என் உறுதியான கருத்து. குறைந்த சத்தத்தில் பேஸைக் கூட்டுவது பாட்டைக் கெடுப்பது ஆகாது. காது எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

பேஸைக் கூட்டினால் ஆம்ப் திணறுமோ என்ற பயமும் வேண்டாம். 0.01 வாட்டில் 10 டெசிபல் கூட்டினால் ஆகும் செலவு 0.1 வாட்.

இன்னொன்று, ஃபேன். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஓடும் சீலிங் ஃபேன் 40 டெசிபலை எளிதாகத் தாண்டும். 64 டெசிபலில் ஓடும் பாட்டின் மெல்லிய பகுதிகள், வீணையின் நாதம் அடங்கும் இடம் போன்றவை, அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். எந்த ஆம்ப்ளிஃபயரும் இதைச் சரிசெய்ய முடியாது. கிட்டப் போய் உட்காருவது மட்டும் உதவும். தூரம் பாதியானால் திறந்த வெளியில் 6 டெசிபல் கூடும், அறைக்குள் கொஞ்சம் குறைவாக.

மீதிக் குறை ஆம்ப்ளிஃபயரில் எங்கே?

ஆம்ப்ளிஃபயரின் பிழைகள் இரண்டு வகை. ஒன்று, சத்தத்தோடு சேர்ந்து வளர்கிறவை. இவை முழு வால்யூமில்தான் தொல்லை தரும். இன்னொன்று, வால்யூம் எங்கே இருந்தாலும் அதே அளவில் நிற்கிறவை. ராத்திரிக்கு எதிரி இந்த இரண்டாவது வகைதான். தராசில் ஒரு கிராம் பிழை இருந்தால் அரிசி மூட்டைக்கு அது கணக்கே இல்லை, அரைப் பவுன் தங்கத்துக்கு அதுதான் பெரிய விஷயம்.

1. கிராஸ்ஓவர் சிதைவு. சிக்னல் என்பது பூஜ்யத்துக்கு மேலும் கீழும் மாறி மாறிப் போகும் மின் அலை. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன பாகம்) கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. நம் ஊரில் அசெம்பிள் செய்யும் போர்டுகளில் 5200, 1943 என்று சுருக்கிச் சொல்லப்படும் ஜோடி இந்த வேலையைத்தான் செய்கிறது. ஒன்று விட்டு மற்றது பிடிக்கும் இடம், பூஜ்யம். அங்கேதான் சிக்கல்: அந்த இடத்தில் அலையின் வடிவம் கெடுவதே கிராஸ்ஓவர் சிதைவு.

   சிலிக்கான் டிரான்சிஸ்டர் வேலையைத் தொடங்கவே சுமார் 0.6 வோல்ட் வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் பூஜ்யத்துக்கு இருபுறமும் எதுவும் நடக்காத ஒரு இடைவெளி இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட்ஸ் என்றால் அலையின் உச்சி 40 வோல்ட். அதில் 0.6 வோல்ட் சிறு கீறல். 0.01 வாட் என்றால் உச்சி வெறும் 0.4 வோல்ட். ராத்திரிப் பாட்டு முழுக்க அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது!

   இதனால்தான் இரண்டு டிரான்சிஸ்டரிலும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைக்கிறார்கள். அதற்குப் பெயர் பயாஸ். இப்படி அமைந்த ஆம்ப் கிளாஸ் ஏ.பி. எனப்படும். பயாஸ் 50 மில்லி ஆம்பியர் என்றால், 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 0.04 வாட் வரை இரண்டு டிரான்சிஸ்டரும் கூடவே வேலை செய்யும். ராத்திரியின் சராசரிச் சத்தம் அதற்குள் வந்துவிடும். பயாஸை 100 ஆக்கினால் அந்த எல்லை 0.16 வாட் ஆகும்.

   மிச்சமிருக்கும் பிழையை எதிர்ப் பின்னூட்டம் திருத்தும். வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி, இருப்பதையும் வேண்டியதையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் முறை இது. 1927-இல் ஹெரால்ட் பிளாக் கண்டுபிடித்தது. ஆனால் டிரான்சிஸ்டர் இரண்டுமே அணைந்து கிடக்கும் அந்தக் கணத்தில் பின்னூட்டத்துக்கும் பிடி இருக்காது. அதனால் பயாஸ் தவறினால் பின்னூட்டம் முழுதாகக் காப்பாற்றாது.

   அசெம்பிள் செட்டுகளில் பயாஸ் ஏன் தவறுகிறது? வெப்பம். 200 வாட்ஸ் செட்டுக்கு மேலே 60, கீழே 60 என்று மொத்தம் 120 வோல்ட் சப்ளை வேண்டும். ஒரு ஜோடிக்கு 50 மில்லி ஆம்பியர் ஓடவிட்டால், பாட்டே ஓடாதபோதும் 6 வாட் சூடாகப் போகும். சேனலுக்கு மூன்று ஜோடி, இடது வலது என இரண்டு சேனல் என்றால் 36 வாட். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி அடிக்கும் ஊரில், போட்ட செட் எரிந்து திரும்பி வரக்கூடாது என்று அசெம்பிள் செய்பவர் பயாஸை இறக்கி வைப்பது உண்டு. அவர் பயம் நியாயமானது. அதன் விலையை ராத்திரிக் கேட்பவர் கொடுக்கிறார். 20 வாட்ஸ் ஆம்புக்கு 40 வோல்ட் போதும். அதே 50 மில்லி ஆம்பியருக்குச் சூடு 2 வாட்தான், பயாஸைக் குறைக்கவே தேவையில்லை.

2. இரைச்சல். வால்யூம் குமிழ் பவர் ஆம்புக்கு முன்னால் இருக்கிறது. குமிழை இறக்கினால் பாட்டு இறங்கும், பவர் ஆம்ப் போடும் 'உஸ்' அப்படியே நிற்கும். பெட்டியில் '100 வாட்ஸ், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் 100 டெசிபல்' என்று போட்டிருந்தால், அது முழு 100 வாட்ஸில் அளந்தது. 1 வாட்டில் அது 80 ஆகிவிடும். 0.01 வாட்டில் 60.

   அளவீட்டு வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிதைவையும் இரைச்சலையும் சேர்த்துப் போடும் கோடு, வாட்ஸ் குறையக் குறைய இடது பக்கம் நேராக ஏறிக்கொண்டே போகும். பலர் அதைச் சிதைவு என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். நேரான அந்த ஏற்றம் பெரும்பாலும் இரைச்சல்தான்.

3. குமிழ். ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோலுக்குள் இரண்டு கார்பன் தடங்கள் இருக்கின்றன. தொடக்கப் பகுதியில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. குமிழை லேசாகத் திறந்தால் பாட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்வது இதனால்தான். காதுக்கு ஏற்ற லாக் வகைக்கு ஏ என்ற எழுத்தும், நேர் வகைக்கு பி என்ற எழுத்தும் போடுவது வழக்கம். '50 கே பி' என்று இருப்பதைப் போட்டுவிட்டால், ராத்திரிக்கு வேண்டிய சத்தம் முழுவதும் குமிழின் முதல் நூலிழைத் திருப்பத்துக்குள் சிக்கிக்கொள்ளும்.

4. ஹம். இதுவும் வால்யூமுக்குக் கட்டுப்படாது. கொஞ்சம் மேலெழுந்த 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் பவர் சப்ளையின் பழைய கெப்பாசிட்டரைப் பாருங்கள். இன்னும் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த் சிக்கலாக இருக்கலாம். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸை ஆம்போடு இணைத்ததும் ஹம் தொடங்கினால் அந்தச் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

பெரிய ஆம்ப் ஏன் சில நேரம் மோசம்?

கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர் என்றேனே, அந்த இடம் இதுதான்.

20 வாட்ஸ் ஆம்ப் 8 ஓமில் தன் முழுத் திறனைக் காட்ட 12.6 வோல்ட் வெளியே தர வேண்டும். 200 வாட்ஸ் ஆம்ப் 40 வோல்ட் தர வேண்டும். இரண்டுக்கும் உள்ளே வருவது ஒரே 1 வோல்ட் என்றால், முதலாவது 12.6 மடங்கு பெருக்குகிறது, இரண்டாவது 40 மடங்கு. அதாவது கெயின், பெருக்கும் அளவு, 10 டெசிபல் கூடுதல். உள்ளே நுழையும் இரைச்சலும் அதே 10 டெசிபல் கூடுதலாகப் பெருகிக் கேட்கும். அதே ராத்திரிச் சத்தத்துக்குக் குமிழை இன்னும் 10 டெசிபல் கீழே, அதன் மிக மோசமான பகுதியில் வைக்க வேண்டிவரும். இதோடு மேலே சொன்ன பயாஸ் இறக்கமும் சேர்ந்தால், வாட்ஸ் கூடக்கூட ராத்திரி இன்னும் கெடுகிறது.

இந்தக் குறைகளைக் கவனித்து வடிவமைத்த பெரிய ஆம்ப்கள் இருக்கின்றன. அவற்றில் ராத்திரிச் சத்தம் அருமையாகவே இருக்கும். அந்த நலனுக்குக் காரணம் நல்ல பயாஸும் குறைந்த இரைச்சலும்தான், வாட்ஸ் அல்ல. 'பெரிய ஸ்பீக்கரைத் தட்டி எழுப்பவே அதிக வாட்ஸ் வேண்டும்' என்பதிலும் சாரம் இல்லை. ஸ்பீக்கரின் கோன் சிறு சிக்னலுக்கும் அதற்கேற்ற அளவில் அசையத்தான் செய்கிறது.

வாட்ஸ் தேவைப்படும் இடம் வேறு: பெரிய ஹால், சென்சிட்டிவிட்டி குறைந்த பாக்ஸ், பகலில் உரக்கக் கேட்பது. அதை மறுக்கவில்லை.

கிளாஸ் ஏ, கிளாஸ் டி, பழைய வால்வு

கிளாஸ் ஏ ஆம்பில் டிரான்சிஸ்டர் ஒருபோதும் அணைவதில்லை. கிராஸ்ஓவர் சிதைவு என்ற பேச்சே இல்லை. கரண்ட் பில்லும் சூடும்தான் அதன் குறை. அமெரிக்க வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் குறைந்த வாட்ஸ் கிளாஸ் ஏ ஆம்ப்களுக்காகத் தொடங்கிய நிறுவனத்துக்கு 'ஃபர்ஸ்ட் வாட்', முதல் வாட், என்றே பெயர் வைத்தார்.

இன்று ஆன்லைனில் வாங்கும் சின்ன போர்டுகள் பெரும்பாலும் கிளாஸ் டி. சிக்னலை மிக வேகமான ஆன்-ஆஃப் துடிப்புகளாக மாற்றி, கடைசியில் காயில், கெப்பாசிட்டர் வழியாகத் திரும்ப அலையாக்கும் முறை இது. இரண்டு ஸ்விட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிடாமல் இருக்க நடுவில் மிகச் சிறு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி நீண்டால் கிராஸ்ஓவர் போன்ற சிதைவு வரும். நல்ல சிப்களில் இது அடக்கப்பட்டுவிட்டது. இந்த போர்டுகளில் அதிகம் கேட்கும் குறை 'உஸ்'தான். காரணம், தேவைக்கு மேல் கெயின். டி.பி.ஏ. 3116 சிப்பில் 20, 26, 32, 36 டெசிபல் என நான்கு கெயின் அளவுகள் உண்டு. போர்டில் உள்ள ரெசிஸ்டரை மாற்றி அதை 20-க்கு இறக்கினால் இரைச்சல் குறைவதைக் காதாலேயே உணரலாம்.

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ சின்னச் சத்தத்திலும் நிறைவாகக் கேட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது வெறும் ஏக்கப் பேச்சு கிடையாது. அவற்றில் பலவற்றில் வெளியீட்டுக்கு ஒரே ஒரு வால்வு, அதுவும் கிளாஸ் ஏ. சில வாட்ஸ்தான், கிராஸ்ஓவர் கிடையாது. குறைந்த மின்சாரத்துக்கே நன்றாகப் பேசும் அகலமான ஸ்பீக்கர். அதற்கும் மேலாக, பல செட்டுகளில் வால்யூம் கன்ட்ரோலின் நடுவில் ஒரு இணைப்பு எடுத்து, வால்யூம் குறையும்போது பேஸ் தானாகக் கூடும்படி செய்திருந்தார்கள். ஃபிளெட்சர், மன்சன் வரைபடத்தின் பாடம் அந்த மரப்பெட்டிக்குள் அன்றே இருந்தது.

அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

1. குமிழ் எட்டு மணி திசையிலேயே போதுமான சத்தம் தந்தால் கெயின் அதிகம் என்று பொருள். சோர்ஸுக்கும் (போன், டிவி போன்றவை) ஆம்புக்கும் நடுவில், சேனலுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், அதற்கு அப்பால் 1 கிலோ ஓமைக் கிரவுண்டுக்கும் வைத்தால் சிக்னல் சுமார் 20 டெசிபல் இறங்கும். குமிழ் நடுப்பகுதிக்கு வந்துவிடும், பக்கச் சாய்வு போகும். சில ரூபாய் செலவு. பவர் ஆம்பின் சொந்த 'உஸ்' மட்டும் இதனால் குறையாது.

2. ராத்திரிக்கு என்று பேஸை 6 முதல் 10 டெசிபல் கூட்டி வையுங்கள். போனிலோ டிவியிலோ ஈக்வலைசர் இருந்தால் அதுவே போதும். பகலில் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

3. பயாஸைச் சோதிக்க எளிய வழி: போனில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, குமிழை மிகக் குறைத்து, காதை ஸ்பீக்கர் அருகே வையுங்கள். சுத்தமான ஒற்றைச் சுரமாகக் கேட்டால் சரி. சத்தம் குறையக் குறைய அதில் கரகரப்பு ஏறினால் பயாஸைச் சந்தேகப்படலாம்.

4. சந்தேகம் உறுதியானால் மெக்கானிக்கிடம் போய், எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே மில்லி வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 11 மில்லி வோல்ட் என்றால் 50 மில்லி ஆம்பியர். பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது தனியே தொங்கினால் சூடு ஏறியதைப் போர்டு அறியாது, பயாஸைக் கூட்டுவது ஆபத்தாகிவிடும். இதை வீட்டில் நீங்களே செய்ய வேண்டாம். பெரிய செட்டுக்குள் 120 வோல்ட் டி.சி. இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் முனை ஒரு நொடி வழுக்கினால் டிரான்சிஸ்டர் வரிசையே போய்விடும்.

5. புதிதாக வாங்குவதாக இருந்தால், கடையின் டெமோ பாட்டை உரக்கக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குப் பழகிய பாட்டைக் கொண்டுபோய், பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பாட்டை நிறுத்தி, ட்வீட்டர் (உயர்ந்த சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) அருகே காதை வைத்து 'உஸ்' எவ்வளவு என்று பாருங்கள். குமிழை மெல்ல அடிவரை இறக்கி, பாட்டு ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் கவனியுங்கள். கடை சத்தமாக இருக்கும் மாலை நேரத்தில் இது எதுவும் தெரியாது. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போவது நல்லது.